கேள்வியும் கேளாமையும்

கல்வியைப் போற்றாத நாடு இல்லை. கேள்வியைப் போற்றும் நாடுகள் மிகச் சிலவே. பாடசாலை அமைத்தல், நூல்நிலையம் நிறுவுதல், பரீட்சை நடாத்துதல், பட்டம் வழங்குதல் ஆகிய யாவும் கல்விக்கு நாம் செய்யும் சிறப்புக்களாம். கேள்விக்கு இத்தகைய சிறப்பு ஒன்றேனும் செய்கின்றோமில்லை. ஒருவன் எத்துணை நூல்களைக் கற்றான் என வினவுகின்றோம். எத்துணைப் பேர் கூறியவற்றைப் பொறுமையோடு செவிமடுத்தான் என வினவுவாரைக் காண்டல் அரிது. ஆயினும் தமிழ் மரபு இவ்விரண்டையும் பிரித்துப் பேசுவதன்று. 'கல்வி கேள்விகளிற் சிறந்தவர்' என்பது இன்றும் மேடைதோறும் வழங்கும் பாராட்டுரையாகும். அத்தொடரின் முற்பாதி பொருளோடு நிற்க, பிற்பாதி வெறும் ஓசையாய்த் தேய்ந்துவிட்டதோ என ஐயுற வேண்டியுள்ளது. அவ்வையமே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

'கேள்' என்னுஞ் சொல் தமிழிலே செவியால் உணர்தலையும் குறிக்கும், வினாவுதலையும் குறிக்கும், உறவையும் நட்பையும் குறிக்கும். இவை ஒரே வேரிற் பிறந்தனவோ அல்லவோ என்பதை மொழிநூலார் ஆராய்க. பொருளளவில் இவற்றிடையே உள்ள இயைபு வெளிப்படை. பிறன் கூறுவதைக் கேட்பவன், விளங்காதவிடத்து அவனையே வினாவுவான். வினாவி விடைபெற்றவன் அவனுக்கு உறவாவான். இன்றைய மாணவனிடத்தே 'கேள்வி' என்றால் அவன் நினைவுக்கு வருவது வினாத்தாள் ஒன்றே. மூன்று பொருளுடைய சொல் ஒரு பொருளாய்ச் சுருங்கியமை மொழியின் குறையன்று. நம் வாழ்க்கையின் குறை.

கேட்டல் என்பது யாது? காதில் ஒலி விழுதல் கேட்டலாகாது. கூறியதை நினைவில் நிறுத்தி அவ்வண்ணமே ஒப்புவித்தலும் கேட்டலாகாது. கேட்டவனுடைய உள்ளத்திலோ, சொல்லிலோ, செயலிலோ ஒரு மாற்றம் நிகழ்தல் வேண்டும். அம்மாற்றத்தின் அளவே கேள்வியின் அளவு. இக்கருத்தைத் திருக்குறள், சிலப்பதிகாரம் என்னும் இரு பெருநூல்களின் துணைகொண்டு ஈண்டு ஆராய்வாம்.

வள்ளுவர் வகுத்த நெறி

திருக்குறளிற் 'கேள்வி' 42ஆம் அதிகாரம். அது பொருட்பாலில் அரசியலில் நிற்கின்றது. அதற்கு முன்னே கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களும் பின்னே அறிவுடைமையும் அமைந்துள்ளன. கற்றறிந்தார் நூற்பொருளை எடுத்துக்கூறக் கேட்டலே கேள்வி என்பது பரிமேலழகர் கொள்கை. கற்றவர்க்கு அது கற்றதனை வலியுறுத்தும். கல்லாதவர்க்கு அறிவை உண்டாக்கும். ஆதலின் இரண்டற்கும் பின் வைக்கப்பட்டது என்பது அவர் காட்டும் இயைபு. வைப்புமுறைக்கு அவர் கூறிய காரணம் மிகப் பொருத்தமானதே. ஆயினும் கேள்வியை நூற்பொருளளவில் நிறுத்தியமை, மூலத்தின் பரப்பைச் சற்றே குறுக்கிவிட்டதெனத் தோன்றுகிறது.

அதிகாரத்தின் அமைப்பை நோக்குவாம். முதல் மூன்று குறள்கள் கேள்வியின் சிறப்பைக் கூறுவன. செவிவழி வரும் செல்வமே செல்வங்களுள் தலையாயது என்றும், செவிக்கு விருந்து கிட்டாத வேளையிலே தான் வயிற்றை நினைத்தல் தகும் என்றும் அவை உணர்த்தும். அடுத்த மூன்றும் கேட்டற்கு ஊக்குவன. கல்லாதவனும் கேட்க, தளர்ச்சி வந்தபோது அது தாங்கும், சிறிதளவேனும் நல்லவற்றைக் கேட்க, அவ்வளவிற்கேனும் உயர்வு உண்டு என்பன அவற்றின் கருத்து. ஏழாவது குறள் கேள்வியின் பயனைக் கூறும். எஞ்சிய மூன்றும் கேளாதாரைப் பற்றியன.

இங்கே இரண்டு குறிப்புக்கள் உன்னத்தக்கன. வழுக்கு நிலத்தில் நடப்பானுக்கு ஊன்றுகோல்போல் உதவுவது யாருடைய சொல் என்னுமிடத்து, ஆசிரியர் கற்றாருடைய சொல் என்றாரல்லர். ஒழுக்கமுடையாருடைய சொல் என்றார். ஒழுக்கமுடையார் ஏட்டினை அறியாத ஏழையாகவும் இருக்கலாம். நம் வீட்டு முதியோளாகவும் இருக்கலாம். அன்றியும், அடுத்து வரும் அறிவுடைமை அதிகாரத்திலே, சொல்பவர் யாவரேயாயினும் சொல்லப்பட்டதன் மெய்ப்பொருளைக் காண்பதே அறிவு என ஆசிரியர் வரம்பை முற்றாகவே நீக்கிவிடுகின்றார். ஆகவே, வள்ளுவர் கருதிய கேள்வி நூலோர் அவையொடு முடிவதன்று என்பது தெளிவு.

மற்றொன்று. கல்விக்கு மறுதலையாகக் கல்லாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த ஆசிரியர், கேள்விக்கு மறுதலையாகக் கேளாமைக்கு அதிகாரம் வகுத்தாரில்லை. காரணம் என்னை? கல்லாமைக்கு வறுமை, பிணி, போர், தூரம் முதலாய பல காரணங்கள் உண்டு; அது ஒருவன்மேல் வந்து விழுவதும் உண்டு. கேளாமை அத்தகையதன்று. செவியுடையான் ஒருவன் கேளாதிருத்தல் அவனே தேடிக்கொள்வது. அதற்குத் தனியிடம் வகுக்காது, கேள்வியின் உள்ளேயே கடைசி மூன்று குறள்களில் அதனை வைத்து, கேள்வியால் துளைபடாத செவி ஒலியைக் கேட்டும் செவிடே என முடிவு கூறினார். நுண்ணிய கேள்வி இல்லாதார்க்குப் பணிவான மொழி வாய்த்தல் அரிது என்பதும் அங்கேயே கூறப்பட்டது. செவியிற் புகுந்தது வாயிலே பணிவாய் வெளிப்படுதல் வேண்டும். வெளிப்படாவிடின் அது புகவேயில்லை. முன்னர் யாம் கூறிய அளவுகோல் வள்ளுவர் தந்ததே என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வதிகாரம் அரசியலில் நிற்பதும் காரணத்தோடு கூடியதே. கேட்டற்கு மிக அரியவன் அரசன். அவனைச் சூழ்ந்திருப்போர் அவன் விரும்புவதையே கூறுவர். அதனாலன்றோ, செவி கசக்கும் சொல்லைப் பொறுக்கும் பண்பை இறைமாட்சியிலும், இடித்துரைப்பாரைத் துணையாகக் கொள்ளும் தேவையைப் பெரியாரைத் துணைக்கோடலிலும் ஆசிரியர் மீண்டும் மீண்டும் வலியுறுத்துகின்றார்.

சிலம்பிற் கேளாமை

வள்ளுவர் விதியாகக் கூறியதை இளங்கோவடிகள் வாழ்க்கையாக்கிக் காட்டினார். ஊழ், பத்தினி, அரசியல் அறம் என்னும் மூன்றையும் சிலப்பதிகாரத்தின் உயிர்நிலையெனக் கூறுவது வழக்கம். அம்மூன்றும் தொழிற்படுவதற்குக் களமாய் அமைந்தது கேளாமை என்பது எம் கருத்து. காப்பியத்தின் முடிச்சு ஒவ்வொன்றிலும் ஒருவர் மற்றொருவரைக் கேளாது விடுகின்றனர்.

முதல் முடிச்சுக் கடற்கரையில் விழுகின்றது. கானல்வரியிலே கோவலன் யாழ் வாசித்துப் பாடுகின்றான். மாதவி அப்பாட்டைக் கேட்டு, அவன் உள்ளத்தில் வேறொருத்தி இருக்கின்றாள் எனக் கொள்கின்றாள்; யாழை வாங்கித் தானும் வேறு குறிப்புடையாள்போலப் பாடுகின்றாள். கோவலன் அதனை மெய்யெனக் கொண்டு பிரிந்து செல்கின்றான். இருவரும் இசையில் வல்லவர், நுண்ணிய செவியுடையவர். சுருதியின் சிறு பிழையையும் அறியவல்ல அச்செவிகள் ஒன்றை ஒன்று கேட்கவில்லை. 'நீ கருதியது யாது?' என்னும் ஒரு வினா அங்கே எழுந்திருப்பின் காப்பியமே இல்லை. கேள் என்னும் சொல்லின் முதற்பொருள் நிகழ்ந்தது. இரண்டாம் பொருள் நிகழவில்லை. ஆகவே மூன்றாவதாகிய கேண்மை முறிந்தது.

பின்னர் வேனிற்காதையில் மாதவி விடுத்த ஓலையைக் கோவலன் வாங்க மறுக்கின்றான். மதுரைப் புறஞ்சேரியை அணுகுகையிற் கோசிகன் கொணர்ந்த இரண்டாம் ஓலையையே வாங்கிப் படிக்கின்றான். படித்தவுடன் அவள்மேற் குற்றமில்லை, குற்றம் தன்னதே என உணர்கின்றான். அவ்வோலையிற் கூறப்பட்டது புதிய செய்தியன்று, கேட்டவன் புதியவன். துன்பமும் வழிநடையும் அவன் செவியைத் துளைத்திருந்தன. ஆயின், காலம் கடந்துவிட்டது.

மூன்றாம் முடிச்சுக் கொலைக்களக் காதையில் உள்ளது. ஊடிச் சென்ற தேவியைத் தணிக்கும் நினைவோடு விரையும் பாண்டியன், வாயிலிலே பொற்கொல்லன் கூறியதைக் கேட்டு, ஆராயாது கொலைக்கு ஆணையிடுகின்றான். இங்கே ஒரு தடை எழும். அரசன் பிறன் சொல்லைக் கேட்டதாலன்றோ தவறினான்? கேளாதிருந்தால் கோவலன் பிழைத்திருப்பானே என்பர் சிலர். அத்தடை பொருந்தாது. தேவியின் ஊடலைத் தணிக்கச் சிலம்பு கிட்டினாற் போதும் என்னும் வேட்கை அரசனிடத்தே இருந்தது. பொற்கொல்லன் வாயிலாக அவன் கேட்டது தன் வேட்கையின் குரலையே. கடற்கரையிற் கோவலன் கேட்டதும் மாதவியின் குரலையன்று. தன் ஐயத்தின் குரலையே. நாம் விரும்புவதையோ அஞ்சுவதையோ பிறர் வாயிற் கேட்டல் கேட்டலன்று, அது எதிரொலி.

இக்காதையில் இளங்கோவடிகளின் அமைப்புத்திறன் வியக்கத்தக்கது. காவலர், கோவலனின் தோற்றத்தை நோக்கி, இவன் கொலைக்குரியவன் அல்லன் எனக் கூறுகின்றனர். பொற்கொல்லன் அவரை எள்ளி நகைத்துக் கள்வர் கையாளும் எட்டுத் துணைகளைப் பற்றி நெடிய விரிவுரை ஒன்றை நிகழ்த்துகின்றான். இளங்காவலன் ஒருவன் தன் அனுபவத்தைக் கூறுகின்றான். இவ்வாறு எல்லாரும் பேசுகின்றனர். கோவலன் மட்டும் பேசவில்லை. காவலர் சூழ்ந்த பின்னர் அவன் வாயில் ஒரு சொல்லையும் கவிஞர் வைத்தாரில்லை. யாரும் அவனை வினாவவில்லை. கல்லாதவனும் கள்ளுண்டவனுமாகிய ஒருவன் வாளை வீசுகின்றான். ஒருவனைப் பற்றிப் பலர் பேசி, அவனை மட்டும் பேசவிடாத இடத்திலே நீதி இறந்துபடும் என்பதை இதனினும் நயம்பட எவர் காட்டவல்லார்?

நான்காவது, வழக்குரை காதை. தலைவிரி கோலமாய் ஒற்றைச் சிலம்போடு வாயிலில் நிற்கும் பெண்ணைப் பற்றி வாயிற்காவலன் அஞ்சியஞ்சிக் கூறுகின்றான். அரசன் அவளை உள்ளே வரவிடுகின்றான்; யாரென வினாவுகின்றான்; அவள் கூறும் கடுஞ்சொற்களைத் தடுக்காது கேட்கின்றான். அவள் அயல்நாட்டாள், கள்வன் எனத் தண்டிக்கப்பட்டவனின் மனைவி, எவ்விதத் துணையுமற்றவள். அவள் தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கின்றாள், அரசன் தன் தேவியின் சிலம்பிலுள்ளவை முத்து என்கின்றான், சிலம்பு கொணரப்படுகின்றது, உடைக்கப்படுகின்றது, மாணிக்கம் தெறிக்கின்றது. உடனே, தான் அரசனல்லன், கள்வன் தானே எனத் தனக்குத் தானே தீர்ப்புக்கூறி உயிர்விடுகின்றான்.

அரசனிடம் படை இருந்தது. அவளை வாயிலிலேயே தடுத்திருக்கலாம். சிலம்பை உடையாது விட்டிருக்கலாம். பொற்கொல்லன்மேற் பழியைச் சுமத்தித் தான் தப்பியிருக்கலாம். அவன் இவற்றுள் ஒன்றையும் செய்திலன். கேட்டான், கேட்டதன் விலையைக் கொடுத்தான். வாழ்நாள் முழுதும் அரசனாய் இருந்தவன், இறுதி நாழிகையில் ஒரு பெண்ணைக் கேட்டதனாலன்றோ காவியத்திற் பழியோடு புகழையும் பெற்றான்? பிழைத்தவனாயினும் பாண்டியனை நாம் வெறுக்க முடியாமைக்குக் காரணம் இதுவே.

கற்றவன் கேட்ட கேள்வி

இச்சிலப்பதிகாரத்தை இன்று நாம் அச்சிலே படிப்பதும் ஒரு கேள்வியின் பயனாகும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையிடம் பாடங்கேட்டு, 1880ஆம் ஆண்டிற் கும்பகோணம் கல்லூரியிற் தமிழாசிரியராய் அமர்ந்த உ. வே. சாமிநாதையர், அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்திற் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். தாம் கற்ற அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை முதலியவற்றை ஐயர் அடுக்கிக் கூற, முதலியார் அவற்றை ஒரு பொருட்டாக மதியாது, பழைய காப்பியங்களைப் படித்ததுண்டா என வினாவினார். வினாவியவர் தமிழ்ப் புலவரல்லர், முன்சீப் உத்தியோகத்தர். கல்லூரி ஆசிரியரொருவர் இதனை அவமதிப்பாகக் கொண்டு எழுந்து வந்திருக்கலாம். ஐயர் மீண்டும் மீண்டும் முதலியாரிடம் சென்றார், சீவகசிந்தாமணியைப் பெற்றார். அந்நூலின் சமயக் கருத்துக்கள் விளங்காதபோது, கும்பகோணத்தில் வாழ்ந்த சமணரிடம் சென்று கேட்டுத் தெளிந்தார். 1887இற் சிந்தாமணியும், 1892இற் சிலப்பதிகாரமும் அவர் பதிப்பாக வெளிவந்தன. சைவச் சூழலில் வளர்ந்த ஒருவர் சமணர் வாயிலிற் சென்று மாணவராய் அமர்ந்தார். தமிழ் தன் பழஞ்செல்வத்தை மீளப் பெற்றது. சொல்பவர் யாவரெனப் பாராத கேள்விக்கு இதனிற் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

நம் மாவட்டத்திலே இராமகிருஷ்ண சங்கத்தின் கல்விப்பணியோடு நீங்காத் தொடர்புடையவரான சுவாமி விபுலாநந்தரையும் இவ்விடத்து நினைத்தல் தகும். அவர் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரி. மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர். வழக்கொழிந்த யாழின் ஒலியைச் சிலப்பதிகாரத்தின் துணையோடும் கணிதத்தின் துணையோடும் மீளக் கேட்க முயன்றதன் பயனே 1947இல் அரங்கேறிய யாழ்நூல். அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார். வாழ்நாளின் இறுதிவரை செவியைத் திறந்தே வைத்திருந்த பெரியார் அவர்.

நம்மிடையே கேள்வி

ஈழத்துச் சைவ மக்கள் கேள்வியை ஒரு நிறுவனமாகவே வளர்த்தனர். கோயிலிற் கந்தபுராண படனம் நிகழும்போது ஒருவர் செய்யுளை இசையோடு படிப்பார். மற்றொருவர் பயன் சொல்லுவார். ஊரார் அமர்ந்து கேட்பர். எழுத்தறியாத மூதாட்டியும் சூரபன்மனின் மந்திராலோசனையைப் பற்றித் தருக்கம் செய்ய வல்லவளானது இக்கேள்வியினாலேயாம். கீழ் மாகாணத்துக் கண்ணகை அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது கண்ணகி வழக்குரை படிக்கப்படுகின்றது. கதை எல்லாருக்கும் தெரிந்ததே. தெரிந்த கதையை ஆண்டுதோறும் ஏன் கேட்டல் வேண்டும்? பத்து வயதினன் சிலம்பு உடைவதைக் கேட்கின்றான். முப்பது வயதினன் கோவலனின் கழிவிரக்கத்தைக் கேட்கின்றான். அறுபது வயதினன், தன் பிழையை ஒப்புக்கொள்ளும் அரசனின் குரலைக் கேட்கின்றான். நூல் மாறவில்லை, செவி முதிர்கின்றது. கேள்வி வாழ்நாள் முழுவதற்கும் உரியது என்பதற்கு இதுவே விளக்கம்.

துறைமுகத்தை அண்டி வாழும் நாம் மற்றொன்றையும் அறிவோம். வாடை, சோளகம், கச்சான், கொண்டல் என்னும் காற்றுக்களின் குணத்தை எந்த மீனவ இளைஞனும் நூலிற் படித்து அறிந்தானல்லன். தண்டயல் கூறக் கேட்டே அறிந்தான். அங்கே கேளாமையின் தண்டனை உடனே வரும். நிலத்திலே அது காலம் தாழ்த்து வரும். வேறுபாடு அவ்வளவே.

இன்று ஒலிக்குக் குறைவில்லை. கையிலுள்ள தொலைபேசி இரவும் பகலும் பேசுகின்றது. ஆயினும் அது நாம் முன்னர் விரும்பியதையே தேர்ந்து மீண்டும் மீண்டும் தருவது. பாண்டியனுக்கு வாய்த்த பொற்கொல்லனைப் போன்றது. தனியார் வகுப்பு மண்டபங்களில் நூற்றுக்கணக்கில் அமரும் மாணவர், ஆசிரியர் கூறும் குறிப்பை எழுதுகின்றனர், வினாவ நேரமில்லை. எம்போல் வெளிவாரியாகப் பயின்று பட்டம் பெற்றோர், அச்சிட்ட குறிப்புக்களையே ஆசிரியராகக் கொண்டவர்கள். ஏடு நாம் விளங்கிக்கொண்டதைத் திருத்துவதில்லை. 'அவ்வாறன்று' என ஒரு குரல் கூறினாலன்றித் தெளிவு பிறவாது என்பதை அவர்கள் நன்கறிவர்.

இதனினும் பெரிதொன்று உண்டு. இத்துறைமுகத்தைச் சூழத் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழ்கின்றனர். சந்தையில் விலை பேசும் அளவுக்கு ஒருவர் மொழியை மற்றவர் அறிவர். துயரம் பேசும் அளவுக்கு அறிந்தார் சிலரே. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்திற்குப் பின், தம் குரல் கேட்கப்படவில்லை என்னும் வேதனை தமிழர் உள்ளத்தில் வேரூன்றியது. 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரிற் கேளாமையின் விலையை எல்லா இனத்தாரும் செலுத்தினர். போர் முடிந்தபின் 2010இற் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு நிறுவப்பட்டது. அதன் அறிக்கை 2011இல் வெளியாயிற்று. பிள்ளையைத் தேடும் தாய்மார் அதன் முன்னும் வந்து சாட்சி கூறினர். சாட்சியைப் பதிவுசெய்தல் வாயிற்காவலன் தொழில். சிலம்பை உடைத்துப் பார்த்தல் அரசன் தொழில். எத்தனை ஆணைக்குழுக்கள் அமர்ந்தன என்பதன்று வினா. கேட்டவர் எதனை மாற்றினர் என்பதே வினா. இவ்வளவுகோல் அரசுக்கு மட்டும் உரியதன்று. அயலான் கூறும் துயரத்தை, நம் துயரத்தை எடுத்துரைப்பதற்கு முன்னுரையாக மட்டும் கேட்போமாயின், நாமும் கேளாதாரே.

ஆசிரியர் மாணவனைக் கேட்டலும், பெற்றோர் பிள்ளையைக் கேட்டலும், இளையோர் முதியோரைக் கேட்டலும், ஓரினத்தார் மற்றோரினத்தாரைக் கேட்டலும் வெவ்வேறு அறங்களல்ல. ஒரே அறத்தின் வெவ்வேறு படிகள். கீழ்ப்படியில் வழுக்குவோன் மேற்படியில் நிற்கமாட்டான். மாணவன் விடை தவறும்போது, அது தவறு எனக் கூறுமுன் ஏன் அவ்வாறு கருதினான் என வினாவும் ஆசிரியன், அந்நாழிகையிலே கோவலனுக்குக் கிட்டாத ஒன்றை அம்மாணவனுக்கு வழங்குகின்றான்.

கல்வி ஒருவனுக்குத் தன் குரலைத் தருகின்றது. கேள்வி அவனுக்குப் பிறர் குரலைத் தருகின்றது. முன்னதற்குப் பரீட்சையும் பட்டமும் உண்டு. பின்னதற்குப் பரீட்சை வாழ்நாள் முழுதும் நிகழ்வது. அதற்குப் பட்டம் இல்லை. பாண்டியன் இறுதி நாழிகையிற் பெற்ற செவியை, காலம் உள்ளபோதே பெற முயல்வோமாக.